இரவில் மட்டும் வெளுத்துப்போன வாசல் கேமரா

பகலில் கேட் வரை பளிச்சென்று தெரியும். இருட்டியதும் படம் முழுக்க வெள்ளைப் புகைமூட்டம். ஆள் நடப்பது தெரியும், முகம் தெரியாது. திருட்டுக்குப் பயந்து வைத்த கேமரா இரவில் உதவாவிட்டால் எதற்கு?

கண்ணாடிக் கூட்டைத் துடைத்தேன், சிலந்தி வலையை எடுத்தேன். மாற்றமில்லை. அடாப்டரை மாற்றினேன், ரீசெட் செய்தேன். கடையில் கேட்டால் கேமராவையே மாற்றச் சொன்னார்கள்.

கடைசியில் வழி காட்டியது ஒரு சின்னச் சோதனை. இருட்டில் படம் பிடிக்கக் கேமராவே அடிக்கும் அகச்சிவப்பு விளக்கை மட்டும் செட்டிங்ஸில் அணைத்துவிட்டு, கேட் பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். மூட்டம் சுத்தமாகக் காணோம்! சரி, லென்ஸில் கோளாறு இல்லை. கேமராவின் சொந்த வெளிச்சமே திரும்பி அதற்குள் விழுகிறது.

என்னுடையது போன்ற டோம் கேமராவில், அதாவது அரைக்கோளக் கூடு போட்ட கேமராவில், லென்ஸைச் சுற்றி ஒரு கறுப்பு ஸ்பாஞ்ச் வளையம் இருக்கும். அது கூட்டின் உட்புறத்தை இடைவெளியில்லாமல் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். லென்ஸுக்குப் பக்கத்திலுள்ள அகச்சிவப்பு எல்இடிகளின் ஒளி கூட்டில் பட்டுத் தெறித்து லென்ஸுக்குள் புகாமல் தடுப்பது அதுதான். என் கேமராவில் அது ஓர் ஓரம் மடங்கி, கீற்றளவு சந்து விழுந்திருந்தது. பகலில் எல்இடி எரியாது, அதனால் குறையே தெரியவில்லை.

வளையத்தை நீவிச் சமமாக உட்காரவைத்துக் கூட்டை மூடினேன். கேட்டில் நிற்பவரின் முகம் தெளிவாகிவிட்டது, பெரிய நிம்மதி.

அப்புறம் இன்னொன்று. பக்கத்து வெள்ளைச் சுவர் படத்தில் நெருக்கமாக விழுந்தால், அதன் பளபளப்புக்கு ஏற்பக் கேமரா மற்ற இடத்தை இருட்டாக்கிவிடும். சுவர் படாதபடி லேசாகத் திருப்பினேன்; திருப்பும்போது வளையம் மறுபடி நகரலாம், அதையும் பார்த்துவிட்டுத்தான் திருகை முடுக்கினேன்.