மேடை இசை நாடகத்தை நேரலை ஒளிபரப்பாக மாற்றுவது எப்படி

மேடையில் கடைசி வரிசைக்கும் எட்டும்படி நடித்தவர், கேமராவின் முன் ஓர் அடி தொலைவில் இருப்பவருக்காக நடிக்க வேண்டியிருப்பதால், அரங்க அமைப்பைத் தொடுவதற்கு முன் நடிப்பின் அளவைக் குறையுங்கள். பிறகு நாடகப் பிரதியை விளம்பர இடைவேளைகளுக்கேற்பப் பிரித்து, உடை மாற்றங்களை அந்த இடைவேளைகளுக்குள் அடக்குங்கள்.

அதிக உழைப்பைக் கேட்பது கேமராத் திட்டம்தான். பாடலின் எந்த அடியில் எந்தக் கேமராவுக்கு மாற வேண்டும் என்பதை எண்ணிட்டு எழுதிவைத்து, கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் தாளத்தை வாய்விட்டு எண்ண, அந்த எண்ணிக்கையிலேயே ஒவ்வொரு காட்சித்துண்டும் மாறும்படி பழகுங்கள். நடனக் கலைஞர்களைப் போலவே கேமராக்காரர்களுக்கும் அடவு உண்டு என்பேன்.

1971இல் சிகாகோ மேடையில் தொடங்கிய ‘கிரீஸ்’ என்ற இசை நாடகம், 2016 ஜனவரி 31 அன்று கலிபோர்னியாவின் பர்பாங்க் படப்பிடிப்பு வளாகத்திலிருந்து நேரலையானபோது மழை குறுக்கிட்டது. தொடக்கப் பாடலில் குடைகளே நடனத்தின் பகுதியாயின. ஆகவே வெளிப்புறக் காட்சி ஒவ்வொன்றுக்கும் மாற்று அசைவுகளை முன்கூட்டியே ஒத்திகை பாருங்கள்.

இறுதி ஒத்திகையை, பார்வையாளர்களை அமர்த்தி, முழுமையாகப் பதிவுசெய்வதைத் தவிர்க்கவே கூடாது. 2019 ஜனவரி 27 அன்று ஒளிபரப்பான ‘ரென்ட்’ நாடகத்தின் முக்கிய நடிகர் ஒருவருக்கு முந்தைய இரவு ஒத்திகையில் கால் முறிந்ததால், அந்தப் பதிவே ஒளிபரப்பின் பெரும்பகுதியாயிற்று. நிறைவுப் பகுதி மட்டுமே நேரலையில் சென்றது.