ஜிடிபி சேர்த்தாலும் ஒளிர்ந்த ஏடிபி சென்சார்

செல்களின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைக் (ATP) கண்டறிய ஒரு சென்சார் செய்தேன். கிராஃபீன் ஆக்சைடு என்ற மெல்லிய கார்பன் தகட்டின் மேல், பச்சையாக ஒளிரும் ஃபாம் (FAM) சாயம் கோத்த ஆப்டமர், அதாவது குறிப்பிட்ட மூலக்கூறைப் பிடிக்கும் 27 எழுத்து நீள டிஎன்ஏ இழை, ஒட்டியிருக்கும்போது ஒளி அணைந்திருக்கும். ஏடிபி வந்தால் ஆப்டமர் அதைப் பிடித்து மடிந்து பரப்பைவிட்டு விலகும், ஒளி கூடும். எனக்கும் அழகாகக் கூடியது. அப்புறம் சோதனைக்காக, ஏடிபியைப் போன்ற இன்னொரு மூலக்கூறான ஜிடிபி (GTP) சேர்த்தேன். அதற்கும் கிட்டத்தட்ட அதே அளவு ஒளி! ஆப்டமர் ஜிடிபியைப் பிடிக்கவே கூடாது.

இரண்டு நாள் ஆப்டமரையே சந்தேகித்தேன். காரணம் மெக்னீசியம். டிஎன்ஏ, ஆக்சைடு இரண்டுக்குமே நெகட்டிவ் மின்னூட்டம்தான், ஒன்றையொன்று விலக்கும். இரண்டையும் சேர்த்து வைப்பது உப்பு, முக்கியமாக மெக்னீசியம் அயனி. ஏடிபியும் ஜிடிபியும் தங்கள் பாஸ்பேட்டால் அதைக் கவ்விக்கொள்கின்றன. பஃபரில் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசலில்) இருந்த மெக்னீசியமோ 5 மில்லிமோலார், நான் சேர்த்த ஏடிபியோ ஜிடிபியோ 2 மில்லிமோலார். பிடிப்பு தளர்ந்து டிஎன்ஏ தானாகவே கழன்றது.

சரி, ஏடிபி, ஜிடிபி கரைசல்களிலேயே சம அளவு மெக்னீசியம் குளோரைடு கலந்து, பிஎச் 7.5க்குக் கொண்டுவந்தேன். ஜிடிபிக் குழாய் இருட்டாகவே நின்றது. ஏடிபியின் ஒரு பகுதியான, பாஸ்பேட் இல்லாததால் மெக்னீசியத்தை அப்படிக் கவ்வாத அடினோசினையும் போட்டுப் பார்த்தேன்: ஒளிர்ந்தது. அந்த ஆப்டமர் அடினோசினையும் பிடிக்கும் என்பதால், அந்தப் பச்சை ஒளியைப் பார்த்தபின்தான் என் சென்சாரை நம்பினேன்.