நீண்ட நோய்க்குப் பின் உள்ளூர் ஜிம்மில் சேர்வது எப்படி

காசநோய், மஞ்சள்காமாலை, இதய அறுவை, புற்றுநோய் சிகிச்சை என்று எந்தக் காரணத்தால் மாதக்கணக்கில் படுத்திருந்தாலும், எழுந்து நடமாடத் தொடங்கியதும் பலவீனம் முதலில் தொடைகளில்தான் தெரியும். படி ஏறும்போது கால் நடுங்கும். தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாது. இழந்த தசையைத் திரும்பப் பெற ஜிம் நல்ல இடம். நம் குமரி மாவட்டத்தில் நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை போன்ற ஊர்களில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கு நடக்கும் பயிற்சி பெரும்பாலும் நோய் அறியாத இளைஞர்களை மனத்தில் வைத்து அமைந்தது என்பதால், நோயிலிருந்து மீண்டவர் ஒரு விதியைத் தாமே வகுத்துக்கொண்டு செல்ல வேண்டும்: இன்றைய பயிற்சி சரியான அளவா என்பதை ஜிம்மில் வியர்த்து நிற்கும்போது தீர்மானிக்கக் கூடாது, மறுநாள் காலை படுக்கையை விட்டு எழும்போது தீர்மானிக்க வேண்டும்.

மருத்துவரிடம் "ஜிம்முக்குப் போகலாமா?" என்று மட்டும் கேட்டால், "மெதுவாகச் செய்யுங்கள்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும், அதை வைத்து எந்த எடையையும் தேர்ந்தெடுக்க முடியாது. எத்தனை கிலோ வரை தூக்கலாம், எந்த அசைவைத் தவிர்க்க வேண்டும், சாப்பிடும் மாத்திரைகளில் எது பயிற்சியோடு மோதும் என்ற மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு செல்லுங்கள். நெஞ்செலும்பைப் பிளந்து இதய அறுவை செய்துகொண்டவர்களுக்கு அந்த எலும்பு நன்கு கூடுவதற்குப் பொதுவாக 8 முதல் 12 வாரங்கள் ஆகின்றன; அதுவரை தூக்குவதும் தள்ளுவதும் இழுப்பதும் மருத்துவர் சொன்ன எல்லைக்குள்தான். வயிற்றில் அறுவை நடந்தவர்கள் அவசரப்பட்டால் தையல் போட்ட இடத்திலேயே குடலிறக்கம் உண்டாகலாம். காசநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், பலரோடு மூடிய அறையில் மூச்சுவாங்கப் போவதற்கு முன், தம்மிடமிருந்து இனிப் பிறருக்குத் தொற்றாது என்பதை மருத்துவர் வாயால் கேட்டுக்கொள்ள வேண்டும். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுபவர்கள் வெள்ளையணு குறைந்திருக்கும் நாள்களில் கூட்டமான ஜிம்மைத் தவிர்ப்பதே நல்லது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றாலும் தனியாரிடம் பெற்றாலும், இயன்முறை மருத்துவர் ஒருவரை ஒருமுறை பார்க்க வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். நீண்ட நாள் படுத்திருந்த உடலை எழுப்புவது அவர்களுடைய அன்றாட வேலை.

மாத்திரைகளைப் பற்றி ஜிம்மில் யாரும் பேசமாட்டார்கள் என்பதால் இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கு எவ்வளவு உழைத்தாலும் நாடித்துடிப்பு அதற்கேற்ப உயராது. எனவே டிரெட்மில் திரையில் தெரியும் எண்ணை நம்பி வேகத்தைக் கூட்டக் கூடாது. அவர்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் ஏற்ற அளவுகோல் பேச்சுதான். நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்களும் கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் பயிற்சிக்கு முன் சர்க்கரை பார்த்து, 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகே தொடங்க வேண்டும். நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத் தொடையும் மேற்கையும் குறிப்பாக மெலிந்திருக்கும், எலும்பும் பலம் குறைந்திருக்கலாம். குதிக்கும் பயிற்சிகள் அவர்களுக்கு இப்போது வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன் வீட்டிலேயே ஒரு தயார்நிலை வர வேண்டும். சமதரையில் 20 நிமிடம் நிற்காமல் நடக்க முடிகிறதா என்று பாருங்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கம் ரோடெல்லாம் ஏற்றமும் இறக்கமுமாக இருப்பதால், பள்ளி மைதானத்தையோ கோவில், சர்ச் வளாகத்தையோ சுற்றி நடப்பது எளிது. சொத்தவிளை, சங்குத்துறை மணலில் நடப்பது மனத்துக்கு இதம் என்றாலும் மணல் காலை இழுக்கும். அது பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். அடுத்ததாக, கைப்பிடி இல்லாத நாற்காலியில் கைகளை மார்பில் கட்டி உட்கார்ந்து, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுமையாக எழுந்து அமர முடிகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். 60 முதல் 64 வயது வரை உள்ள ஆண்களில் 14-க்கும், பெண்களில் 12-க்கும் குறைந்தால் அது சராசரிக்குக் கீழ் என்று கொள்கிறார்கள். மாதம் ஒருமுறை இதையே திரும்பச் செய்து பார்த்தால், கண்ணாடியைவிட இந்த எண் உண்மையைச் சொல்லும்.

ஜிம்மைத் தேர்வு செய்யும்போது கருவிகளின் பளபளப்பைப் பார்க்க வேண்டாம். கடைகளுக்கு மேலே இரண்டாம் மாடியில் இருக்கும் ஜிம் என்றால், அந்தப் படிகளை ஏறுவதே முதல் பயிற்சி. முடித்த பிறகு சோர்ந்த காலோடு இறங்க வேண்டும் என்பதையும் நினையுங்கள். நீங்கள் வரப்போகும் அதே நேரத்தில் ஒரு நாள் போய் நின்று பாருங்கள். அதிகாலையிலும் வேலை முடியும் மாலையிலும் கூட்டம் மொய்க்கும். முற்பகலில் மாஸ்டருக்கு உங்களைக் கவனிக்க நேரம் இருக்கும். பெண்களுக்குத் தனி நேரமோ பெண் பயிற்சியாளரோ உண்டா என்பதை அப்போதே விசாரித்துவிடலாம். மாஸ்டரிடம் நோயை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் மேற்கொண்டு என்ன கேட்கிறார் என்பதே உங்களுக்கான தேர்வு. எந்த அறுவை, என்ன மாத்திரை, மயக்கம் வருமா என்று கேட்பவரிடம் சேரலாம். அதற்குள் புரோட்டீன் பவுடர் டப்பாவை எடுத்து நீட்டுபவரிடம் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கலாம். ஆண்டுக் கட்டணத்தில் எவ்வளவு தள்ளுபடி காட்டினாலும் முதலில் மாதக் கட்டணம் மட்டும் கட்டுவதே என் யோசனை, ஏனென்றால் மீண்டும் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் அந்த மாதங்களைக் கணக்கில் தள்ளி வைப்பார்களா என்பது எழுத்தில் இருப்பது அரிது.

முதல் மாதம் வாரத்தில் இரண்டு நாள், இடையில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி விட்டுச் செல்லுங்கள். ஐந்து நிமிட நடையில் தொடங்கி, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, உட்கார்ந்தபடி கேபிளை மார்பை நோக்கி இழுப்பது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, குதிகாலை உயர்த்தி நிற்பது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது ஆகிய ஐந்தும் போதும். ஒவ்வொன்றிலும் எட்டு முதல் பத்து முறை, ஒரே செட் (ஒரு சுற்று). முடிக்கும்போது இன்னும் நான்கைந்து முறை செய்ய முடியும் என்ற மிச்சம் உடலில் இருக்க வேண்டும். எடையைத் தள்ளும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினால் இரத்த அழுத்தம் திடீரென ஏறும். கூட்டுவதாக இருந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள்: முதலில் எண்ணிக்கை, பிறகு இரண்டாவது செட், கடைசியாகத்தான் எடை, அதுவும் ஜிம்மில் இருக்கும் மிகச் சிறிய தட்டு. பக்கத்தில் ஒரு பையன் நூறு கிலோ தூக்குவது உங்கள் காரியமல்ல. நோய்க்கு முன் நீங்கள் தூக்கிய எடையும் இப்போதைக்கு அப்படித்தான்.

இப்போது மறுநாள் காலைக்கு வருவோம். படுக்கையை விட்டு எழும் முன் நாடியை ஒரு நிமிடம் எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். வழக்கத்தைவிட பத்துத் துடிப்புக்கு மேல் கூடியிருந்தால் அன்று ஓய்வு. தசையில் இலேசான வலி ஒன்றிரண்டு நாள் இருப்பது இயல்பு. ஆனால் கிருமித் தொற்றுக்குப் பிறகு சிலருக்கு, பயிற்சி செய்த அன்று உற்சாகமாக இருந்துவிட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்து எழ முடியாத சோர்வும் தலைக்குழப்பமும் வரும். இது சோம்பல் அல்ல. இவர்கள் "விட்டுவிடாமல் தொடர்ந்தால் சரியாகிவிடும்" என்று தம்மை வற்புறுத்தினால் நிலை மோசமாகும். அளவைப் பாதியாகக் குறைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நமது மாவட்டத்தின் காற்றில் ஈரம் மிகுதி என்பதால் வியர்வை எளிதில் உலராது. அதே பயிற்சி வெக்கையான நாளில் இதயத்துக்குக் கூடுதல் வேலை தரும். சிறுநீரகத்துக்காகவோ இதயத்துக்காகவோ தண்ணீரின் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால், ஜிம்மில் எவ்வளவு குடிக்கலாம் என்று முன்பே கேட்டு வையுங்கள்.

உணவில் பெரிய மாற்றம் தேவையில்லை. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் உண்ணும் வீட்டில் கிழங்கைக் குறைத்து மீனைக் கூட்டினாலே போதும், ஏனெனில் கிழங்கில் இருக்கும் சத்து ஏறக்குறைய முழுவதும் மாவுச்சத்து. தசைக்கு வேண்டிய புரதம் 100 கிராம் சாளை மீனில் சுமார் 20 கிராம் கிடைக்கும். ஜூன், ஜூலையில் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை வந்து மீன் விலை ஏறும்போது, சுமார் 6 கிராம் புரதம் தரும் முட்டையும், புட்டுக்கும் கஞ்சிக்கும் சேரும் சிறுபயறும் கைகொடுக்கும். சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைத் தாமாகக் கூட்டக் கூடாது.

நம் ஊரில் படுத்தெழுந்தவர்களை எண்ணெய் தேய்த்து உழிச்சலுக்கு அனுப்புவது வழக்கம். பலருக்கு அது இதமளிக்கிறது. அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நெடுநாள் படுத்திருந்தவரின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அந்தக் காலைப் பிடித்துவிடவும் கூடாது, பயிற்சி செய்யவும் கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, மயக்கம், ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சிரைப்பு ஆகியவை ஜிம்மில் வந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று பொருளாகலாம். அதற்கும் காத்திருக்கக் கூடாது.

மூன்று மாதம் இப்படிச் சென்றபின், அந்த நாடி நோட்டையும் நாற்காலிக் கணக்கையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் திரும்பப் போங்கள். உடல் தேறும்போது இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கக்கூடும் என்பதால், பழைய அளவிலேயே மாத்திரை தொடர்ந்தால் தலைச்சுற்றலும் தாழ்சர்க்கரையும் வரலாம். அளவைக் குறைப்பதா என்பதை அவர் பார்த்துச் சொல்வார், நீங்களாகக் குறைக்காதீர்கள்.