லேப்ராஸ்கோப்பித் துளைகளை முறையாக மூடுதல்

மன்னார்குடி, மயிலாடுதுறை, பட்டுக்கோட்டை போன்ற டெல்டா ஊர்களிலும் பித்தப்பை, குடல்வால் அறுவைகள், சிறு துளைகளில் கேமராவையும் கருவிகளையும் செலுத்திச் செய்யும் லேப்ராஸ்கோப்பி வழியே நடப்பது இன்று வழக்கமாகிவிட்டது. உறுப்பை எடுத்து முடித்ததும் மூத்த மருத்துவர் கையுறையைக் கழற்றிவிட, துளைகளை மூடும் வேலை பெரும்பாலும் இளம் மருத்துவரின் கைக்கு வந்து சேர்கிறது. அவருக்காகவே இக்குறிப்பு. தோலைத் தைத்துவிட்டால் துளை மூடிவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. வயிற்றுச் சுவரின் வலு முழுவதும் தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில் வெண்மையாகத் தெரியும் ஃபேசியா படலத்தில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டுத் தோலை எவ்வளவு அழகாகத் தைத்தாலும், சில மாதங்களில் அதே நோயாளி தொப்புள் அருகே குடலிறக்கத்துடன் திரும்பி வர வாய்ப்புண்டு.

பெரியவர்களுக்கு 10 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட துளைகளில் ஃபேசியாவைத் தைக்க வேண்டும். 5 மி.மீ. துளைகளைப் பொதுவாகத் தைப்பதில்லை. ஆனால் கருவியை நெடுநேரம் அசைத்ததால் துளை அகன்றிருந்தாலும், நோயாளி குழந்தையாக இருந்தாலும் அவற்றையும் தைப்பதே நல்லது. உடல் பருமன், நீரிழிவு, நாள்பட்ட இருமல், முன்பே இருந்த சிறிய தொப்புள் குடலிறக்கம் ஆகியவை உள்ளவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. மேல்வயிற்றில் சாய்வாகச் செலுத்திய 10 மி.மீ. துளையைப் பலர் தைக்காமல் விடுகின்றனர். பின்னால் கல்லீரல் இருப்பதால் குடல் வராது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் கல் நிறைந்த பித்தப்பையை அவ்வழியே இழுத்துத் துளை கிழிந்திருந்தால், அதையும் தைத்துவிட வேண்டும் என்பதே என் கருத்து.

மூடும் வேலை உண்மையில் முதல் நாளே தொடங்குகிறது. தொப்புளில் விளக்கெண்ணெய் விடும் பழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு; அந்த எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து அடியில் கருகருவென இறுகிக் கிடப்பதை அடிக்கடி காணலாம். அறுவைக்கு முதல் நாளே செவிலியர் அதைப் பஞ்சினால் ஊறவைத்து எடுத்து, சோப்பு நீரால் கழுவச் செய்துவிட வேண்டும். அதேபோல், அழற்சியுற்ற பித்தப்பையைப் பைக்குள் இட்டே வெளியே எடுக்க வேண்டும். விலைக்கு வாங்கும் பை இல்லாத இடத்தில், மாவு நீக்கிய கிருமிநீக்கப்பட்ட கையுறையைப் பையாகப் பயன்படுத்துவது நம் தியேட்டர்களில் பழகிய வழி, அது போதும். பித்தநீர் சிந்திய துளையில் போடும் தையல் எளிதில் சீழ் பிடிக்கும்.

துளைகளில் செருகிய குழாய்களான போர்ட்டுகளை எடுக்கும்போது கேமரா உள்ளேயே இருக்கட்டும். பக்கவாட்டுப் போர்ட்டுகளை ஒவ்வொன்றாக உருவி, உட்பக்கத்தில் இரத்தம் சொட்டுகிறதா என்று சற்று நேரம் பாருங்கள். வயிற்றுச் சுவரில் ஓடும் எபிகாஸ்ட்ரிக் இரத்தக் குழாயில் பட்ட காயத்தைப் போர்ட்டே அழுத்தி அடைத்து வைத்திருக்கும் என்பதால், உருவிய பின்புதான் கசிவு வெளிப்படும். கேமரா போர்ட்டை எடுக்குமுன் வால்வைத் திறந்து, வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய வாயுவை முழுவதும் வெளியேற்றிவிட வேண்டும். வயிறு உப்பிய நிலையிலேயே போர்ட்டை இழுத்தால், வெளியேறும் வாயுவோடு ஓமென்டமோ (குடலின் மேல் தொங்கும் கொழுப்புப் படலம்) குடலோ துளைக்குள் வந்து சிக்கிக்கொள்ளும். வாயு மிஞ்சாமல் போனால் மறுநாள் தோள்வலியும் குறையும்.

இனித் தொப்புள் துளை. சிறிய லாங்கன்பெக் ரிட்ராக்டர்கள் இரண்டைக் கொண்டு தோலையும் கொழுப்பையும் விலக்கி, ஃபேசியாவின் இரு விளிம்புகளும் கண்ணுக்குத் தெரியும் வரை பொறுமையாகத் தேட வேண்டும். கொழுப்புக்கும் ஃபேசியாவுக்கும் வேறுபாடு தெரியாவிட்டால் இடுக்கியால் பிடித்து இழுத்துப் பாருங்கள்: கொழுப்பு பிய்ந்து வரும், ஃபேசியாவைப் பிடித்தால் வயிற்றுச் சுவரே மேலெழும். ஒவ்வொரு விளிம்பையும் ஒரு கோக்கர் இடுக்கியால் பிடித்துத் தூக்கி நிறுத்தியபின், வளைவு அதிகமுள்ள, வட்டத்தில் எட்டில் ஐந்து பங்கு அளவான போர்ட் குளோஷர் ஊசியில் கோத்த 1 எண் பாலிகிளாக்டின் என்னும் கரையும் நூலால், எட்டு வடிவத்தில் தையல் போடுங்கள். விளிம்பிலிருந்து ஏறத்தாழ 1 செ.மீ. தள்ளி ஊசி நுழைய வேண்டும். ஊசிமுனை எப்போதும் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். முனை மறைந்த இடத்தில்தான் குடல் குத்துப்படுகிறது. குடலிறக்க ஆபத்து அதிகமுள்ளவருக்கு, மெதுவாகக் கரையும் பி.டி.எஸ். நூலைத் தேர்ந்தெடுங்கள்.

முடிச்சை உடனே இறுக்கிவிட வேண்டாம். நூலின் இரு முனைகளையும் மேலே தூக்கிப் பிடித்தபடி, சுண்டுவிரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்; நூலுக்கும் சுவருக்கும் இடையில் எதுவும் சிக்கவில்லை என்று உறுதியான பின்பே முடிச்சிட வேண்டும். முடிச்சிட்ட பின் விரல்நுனி உள்ளே இறங்கினால் இன்னொரு தையல் தேவை. கொழுப்பு மிகுந்த வயிற்றில் விளிம்பு எட்டாது. அங்கே தடவித் தடவித் தைப்பதைக் காட்டிலும், வேறொரு போர்ட்டில் கேமராவை வைத்துப் பார்த்தபடி, சூச்சர் பாசர் எனப்படும் நீண்ட ஊசியால் நூலை ஒரு பக்கம் இறக்கி மறுபக்கம் எடுத்துக் கட்டுவதே பாதுகாப்பானது. அதற்கு வயிற்றில் வாயு இருக்க வேண்டும் என்பதால், வால்வைத் திறக்குமுன்பே முடிவெடுத்துவிடுங்கள்.

தோலைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லலாம். துளையை சலைனால் கழுவி, மரப்பு மருந்தான 0.25 விழுக்காட்டு புப்பிவக்கெய்னைச் செலுத்தி, 3-0 நைலானாலோ தோலடித் தையலாலோ மூடலாம். மருந்தின் உச்ச அளவு ஒரு கிலோ எடைக்கு 2 மி.கி.; 60 கிலோ எடையுள்ளவருக்கு எல்லாத் துளைகளுக்கும் சேர்த்து 48 மி.லி.யைத் தாண்டக் கூடாது.

கருவிகளைப் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 2 விழுக்காட்டு குளூட்டரால்டிஹைடு என்னும் கிருமிநாசினியில் 20 நிமிடம் ஊறவைத்துவிட்டு, போர்வெல் தண்ணீர் வரும் குழாயில் அலசி எடுப்பது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. அந்த நேரத்தில் கிருமிகளின் ஸ்போர்கள் (தடித்த உறைக்குள் உறங்கும் வடிவங்கள்) அழிவதில்லை. அதற்குப் பல மணி நேரம் தேவை. அலசும் தண்ணீரில் வாழும் காசநோயல்லாத மைக்கோபாக்டீரியா, கருவியின் மூட்டுகளில் ஒட்டிக்கொண்டு துளைக்குள் சென்றுவிடும். நன்றாக ஆறிய வடு மூன்று நான்கு வாரம் கழித்துக் கட்டியாகிக் கசியத் தொடங்கி, வழக்கமான ஆன்டிபயாட்டிக்குகளுக்குக் கட்டுப்படாமல் போனால், மருந்தை மாற்றி மாற்றிக் கொடுக்காமல் திசுவை எடுத்து மைக்கோபாக்டீரியா கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலன்) வைக்கக்கூடிய கருவிகளைப் பிரித்துக் கழுவி ஆட்டோகிளேவ் செய்வதும், மற்றவற்றைக் கிருமிநீக்கிய நீரில் மட்டும் அலசுவதும் இதைத் தடுக்கும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் ‘கனமான வேலை கூடாது’ என்று எழுதுவதால் மட்டும் பயனில்லை. நோயாளியின் வேலை என்னவென்று கேட்டு, அதற்கேற்பச் சொல்ல வேண்டும். நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை சுமப்பவர் ஆறு வாரமாவது சுமைக்குப் போகக் கூடாது. நடவுக்குப் போகும் பெண்ணுக்கு, தையல் பிரித்துக் காயம் முற்றிலும் உலரும்வரை சேற்றிலும் வாய்க்காலிலும் இறங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டில் 48 மணி நேரத்துக்குப் பின் சுத்தமான நீரை ஊற்றிக் குளிக்கலாம். வாந்தியும் துளையருகே வலியும் சேர்ந்து வந்தால் அன்றே வரச் சொல்லுங்கள். குடல் சுவரின் ஒரு பகுதி மட்டும் துளையில் சிக்கும் ரிக்டர் வகைக் குடலிறக்கத்தில், வாயு பிரிந்துகொண்டிருக்கும்போதே சிக்கிய பகுதி அழுகிவிடக்கூடும். ஆகவே ‘வாயு போகிறது’ என்ற பதிலைக் கேட்டுத் திருப்பி அனுப்பாமல், துளையைத் தொட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுங்கள்.