ஏரியில் மூழ்கிய கப்பலைப் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலில் மூழ்கும் மரக்கப்பல்களைத் துளைத்துத் தின்றுவிடும் கப்பற்புழு நன்னீரில் வாழாது. அதனால்தான் அமெரிக்க, கனடியப் பேரேரிகளின் குளிர்ந்த ஆழத்தில் 19ஆம் நூற்றாண்டுக் கப்பல்கள் இன்றும் உருக்குலையாமல் கிடக்கின்றன. 1894இல் வேறொரு கப்பலோடு மோதி மூழ்கிய அயர்ன்டன் என்ற பாய்மரக் கப்பலை 2019இல் ஹூரான் ஏரியில் கண்டுபிடித்தார்கள். மூன்று பாய்மரங்களும் நின்ற நிலையிலேயே இருந்தன. உயிர்காப்புப் படகு இன்னமும் கயிற்றால் கப்பலோடு பிணைந்திருந்தது. அந்தக் கயிற்றை அவிழ்க்க முடியாமல்தான் 5 மாலுமிகள் கப்பலோடு சேர்ந்து மூழ்கினார்கள்.

இந்தக் கப்பல்களுக்கு இப்போது வேறு ஆபத்து. 1980களின் இறுதியில் சரக்குக் கப்பல்கள் சாயாமலிருக்க உள்ளே நிரப்பும் நிலைப்பு நீரோடு வந்து சேர்ந்த ஸீப்ரா மட்டியும் குவாகா மட்டியும் பலகைகளின் மேல் அடுக்கடுக்காக ஒட்டிக்கொள்கின்றன. பெயர் எழுத்துகள், ஆணித் தலைகள், உளி பட்ட தடங்கள் எல்லாம் மறைந்துபோகின்றன. சுரண்டி எடுத்தால் மரமும் சேர்ந்து பெயரும். ஆகவே இன்று எடுக்கும் படமே நாளைக்கு எஞ்சப்போகும் ஆவணம். அதைச் சரியாக எடுக்கவேண்டும்.

அழகான படத்தோடு திருப்திப்படுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. முன்முனையை ஒரு கோணத்தில் எடுத்த படம் சுவரில் மாட்ட நன்றாக இருக்கும், அளக்க உதவாது. நூற்றுக்கணக்கான படங்களை இணைத்து முப்பரிமாண மாதிரி செய்யும் போட்டோகிராமெட்ரிக்கு, அடுத்தடுத்த படங்கள் பாதிக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று படியவேண்டும். 70, 80 சதவீதம் படிந்தால் நல்லது. கப்பலின் ஒரு பக்கமாகப் போய் மறுபக்கமாகத் திரும்புவதோடு நிறுத்திவிடாதீர்கள். குறுக்கேயும் சில வரிசைகள் எடுக்கவேண்டும். இல்லையென்றால் சிறு பிழைகள் சேர்ந்து, கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் நேரான அடிக்கட்டை, மாதிரியில் வில்லாக வளைந்துவிடும். திரையில் அது இயல்பாகவே தெரியும் என்பதால் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

அளவுகோல் வைக்காமல் மேலே வந்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. அளவு தெரியாத முப்பரிமாண மாதிரி வெறும் வடிவம்தான். நீளம் தெரிந்த கோல்கள் சிலவற்றைக் கப்பலின் மேல் வைக்காமல், அதை ஒட்டிய தரையில் வெவ்வேறு இடங்களில் வையுங்கள். தட்டைக் கண்ணாடி வழியாக நீருக்குள் பார்த்தால் பொருள்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். அதனால் கேமராவை நிலத்தில் அளவுதிருத்தம் செய்தது போதாது, நீருக்குள்ளேயே செய்யவேண்டும்.

ஃபிளாஷை லென்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால் மிதக்கும் துகள்கள் வெள்ளைப் புள்ளிகளாகப் படம் முழுக்கத் தெறிக்கும். நீண்ட கைகளில் பொருத்தி இரு பக்கமும் விலக்கி வையுங்கள். அப்புறம், காலில் மாட்டிய துடுப்பை அடித்து வண்டலைக் கிளப்பினால் அன்றைய வேலை அதோடு முடிந்தது. கப்பலைப் பிடித்துக்கொண்டு நிலைபெறவும் கூடாது. நூறு வருடம் தாங்கிய பலகை ஒரு கைப்பிடியில் உடையலாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது கணினியில் நடக்கும் தவறு. கயிறு, கம்பி போன்ற மெல்லிய பொருள்களை மென்பொருள் எளிதில் தவறவிடும். படம் இல்லாத இடங்களை வழவழப்பான பரப்பால் தானாகவே மூடியும்விடும். அயர்ன்டனில் அந்த ஒரு கயிறு விடுபட்டால் 5 பேர் எப்படி இறந்தார்கள் என்பதற்கான சாட்சியமே போய்விடும். ஆகவே ஓட்டைகளை ஓட்டைகளாகவே விடுங்கள். அடைத்தே ஆகவேண்டும் என்றால், அடைத்த இடத்தைத் தனி நிறத்தில் காட்டுங்கள். மெல்லிய பாகங்களை நெருக்கத்தில், பல கோணங்களில் தனியாக எடுத்து வையுங்கள்.

முடிந்த மாதிரியை மட்டும் வைத்துக்கொண்டு மூலப் படங்களை அழிப்பதும் பெரிய இழப்பு. மென்பொருள் மாறும், நாளை இதே படங்களிலிருந்து இன்னும் துல்லியமான மாதிரி கிடைக்கும். கேமரா பதிவு செய்தபடியே இருக்கும், திருத்தாத ரா (RAW) கோப்புகளோடு தேதி, ஆழம், கேமரா, லென்ஸ், எடுத்த வரிசை ஆகியவற்றையும் எழுதி, குறைந்தது இரண்டு இடங்களில் சேமியுங்கள். படத்தைப் பகிரும் முன் கோப்பில் இருப்பிடக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகக் கண்டுபிடித்த கப்பல் என்றால் இடத்தை முதலில் அந்த மாநிலத் தொல்லியல் துறைக்குத்தான் சொல்லவேண்டும். சில ஆண்டுகள் கழித்து அதே வரிசையில், அதே தூரத்திலிருந்து மறுபடி எடுங்கள். மட்டிகள் எவ்வளவு ஏறியிருக்கின்றன, எந்தப் பலகை சரிந்திருக்கிறது என்பது இரண்டையும் ஒப்பிட்டால்தான் தெரியும்.