போனில் இருக்கிறது என்று நம்பி வராதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட வேலைக்கோ கடை வேலைக்கோ ஊரிலிருந்து புதிதாக வரும் தம்பிமார்களுக்காக இதை எழுதுகிறேன். வேலை பெர்மிட், போமீமா என்னும் உடல் பரிசோதனை எல்லாம் ஏஜெண்டும் தோட்டத்துக் கணக்கரான கிராணியும் பார்த்துக்கொள்வார்கள், அதில் நான் சொல்ல அதிகமில்லை. பாஸ்போர்ட் விஷயம் மட்டும் தெரிந்து வையுங்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டை உரிய அதிகாரமில்லாமல் வைத்திருப்பது இந்த நாட்டின் 1966ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. "நான் பத்திரமா வச்சுக்கிறேன்" என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பெர்மிட் புதுப்பிக்கக் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், வாங்கியவர் கையெழுத்தோடு ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

என் பாஸ்போர்ட் என் கையில்தான் இருந்தது. இருந்தும் மாட்டிக்கொண்டேன்.

2019இல் வந்தபோது ஊரில் எல்லாரும் சொன்னதையே நானும் செய்தேன். ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் டிஜிலாக்கரில், அதாவது சான்றிதழ்களைப் போனில் வைக்கும் அரசு செயலியில். பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து ஜிமெயிலில். ஜெராக்ஸ் எதற்கு, போனில்தான் இருக்கிறதே என்று நினைத்தேன். இங்கே வந்ததும் மலேசிய சிம் போட்டேன். ஊர் சிம்மைப் பர்சில் செருகி வைத்தேன். ரீசார்ஜ் செய்யவில்லை.

2023 பங்குனியில் ஒரு சனிக்கிழமை இரவு, எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) மூன்றாவது வீட்டில் ஒயர் தீய்ந்து பிடித்துக்கொண்டது. பழைய பலகைச் சுவர். போம்பா என்னும் தீயணைப்பு வண்டி வருவதற்குள் நான்கு வீடு போய்விட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, அது கடவுள் புண்ணியம். என் பெட்டி, பாஸ்போர்ட், சார்ஜில் கிடந்த போன் எல்லாம் சாம்பல். உடுத்தியிருந்த கைலியோடு நின்றேன்.

மறுநாள் கூட்டாளி போனை வாங்கி டிஜிலாக்கரைத் திறந்தேன். ஓடிபி கேட்டது. ஆதாரோடு சேர்ந்திருந்தது ஊர் எண். ஜிமெயில் பாஸ்வேர்டு நினைவிருந்தது, அதுவும் அதே எண்ணுக்குத்தான் குறியீடு அனுப்புவேன் என்றது. வேறு வழி தெரியாமல் என் சொந்த எண்ணுக்கே போன் போட்டேன். மணி அடித்தது. "யாருங்க?" என்றது ஒரு பெண் குரல். நான் ஏழு வருஷம் வைத்திருந்த எண். அதை அம்மா மஞ்சள் தடவிய காலண்டரில் எழுதி மாட்டி வைத்திருக்கிறாள். அந்த எண்ணில் யாரோ ஒரு அம்மா பேசுகிறார். ஓடிபி வந்ததா என்று கேட்டேன். திருட்டுப் பயல் என்று நினைத்துத் துண்டித்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

பிரீபெய்டு எண் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் கம்பெனி அதைத் துண்டிக்கலாம். பிறகு அது வேறு ஆளுக்குப் போகும். எண் போனால் அதைப் பூட்டாக வைத்த எல்லாக் கதவும் சாத்திக்கொள்ளும். ஊரை விட்டு வரும் முன் இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தேன். பாஸ்போர்ட் எண்ணை கிராணியின் பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. தோட்டத்து ஆபிசில் முதல் பக்க ஜெராக்ஸ் மட்டும் இருந்தது. அப்பா அம்மா பெயரும் முகவரியும் இருக்கும் கடைசிப் பக்கம் இல்லை, பெர்மிட் ஒட்டிய பக்கமும் இல்லை. கோலாலம்பூரில் இந்தியத் தூதரகத்துக்கு மூன்று தடவை போய் வந்தேன். அவசரச் சான்றிதழ் வாங்கினால் சீக்கிரம் ஊருக்குப் போகலாம், ஆனால் அது ஒருவழிப் பயணத்துக்கு மட்டும். போனால் இதே பெர்மிட்டில் திரும்ப வருவேன் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. வீட்டுக் கடன் இருந்தது. புதுப் பாஸ்போர்ட்டுக்கே காத்திருந்தேன். வைகாசியில் தங்கச்சி கல்யாணம். தாலி கட்டியதைக் கூட்டாளி போனில் வீடியோவில் பார்த்தேன், நடுவில் இரண்டு தடவை படம் நின்றது.

அந்த நாட்களில் எனக்குச் சோறு போட்டது அடுத்த லயத்துப் பாட்டி. அவர் இங்கேயே பிறந்தவர், இன்னும் சிவப்பு ஐசிதான், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குக் கொடுக்கும் அடையாள அட்டை. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று 1968இல் சட்டம் வந்த பிறகு, தோட்டத்தில் எத்தனையோ பேர் பெட்டி கட்டிக் கப்பல் ஏறினார்கள் என்பார். தன் பிறப்புப் பத்திரத்தைப் பழைய பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். தினமும் சாமி கும்பிட்டதும் அந்த மூடியைத் தொட்டுப் பார்ப்பார்.

அதனால் சொல்கிறேன். ஊர் சிம்மை இங்கே கொண்டு வராதீர்கள். அம்மாவோ தம்பியோ தினமும் கையில் வைத்திருக்கும் போனில் இரண்டாவது சிம்மாகப் போட்டுவிட்டு வாருங்கள், ஓடிபி வந்தால் வாசித்துச் சொல்லட்டும். பேங்குக்கும் இதுவே தேவைப்படும். கூகுள் கணக்கில் பேக்கப் கோடு என்று 10 எண்கள் கிடைக்கும், அதைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

ஜெராக்ஸ் எடுக்கும்போது பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், பெர்மிட் பக்கம் மூன்றையும் எடுங்கள். ஒரு செட் ஊரில் அம்மா பெட்டியில். ஒன்று இந்த ஊரிலேயே வேறு வீட்டில், நம்பிக்கையான ஆளிடம். ஒரே லயத்தில் வைத்தால் புண்ணியமில்லை. மூலச் சான்றிதழ்களை லேமினேட் செய்யாதீர்கள், பின்னால் முத்திரை குத்த இடமிருக்காது. எமிகிரேஷன் கிளியரன்ஸோடு, அதாவது வெளிநாட்டு வேலைக்கு இந்திய அரசு தரும் அனுமதியோடு வந்தவர்களுக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் இன்சூரன்ஸ் பாலிசி இருக்கும். விபத்தில் உயிர் போனால் வீட்டுக்கு 10 லட்சம் ரூபாய். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யப் போகிறோம்? அது வீட்டில் இருக்க வேண்டியது. மலேசியாவின் தொழிலாளர் காப்புறுதியான சொக்சோவும் 2019 ஜனவரி முதல் நமக்கு உண்டு, அந்த எண்ணையும் எழுதி அனுப்புங்கள்.

2024இல் லீவில் போனபோது 50 ரூபாய் கட்டி ஆதாரில் புது எண்ணைச் சேர்த்தேன். அந்த சிம் அம்மா போனில் இருக்கிறது. மாசம் பிறந்ததும் ரீசார்ஜ் கடைக்குப் போய்விட்டு, "போட்டாச்சுப்பா" என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவாள்.