பேய் குக்கீஸ் வீட்லயே பண்றது எப்படி (கோணலா வந்தாலும் பரவால்ல)

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், குக்கீ டெக்கரேஷன் கத்துக்கணும்னு நினைக்கிறவங்க பூ, பட்டாம்பூச்சினு ஆரம்பிக்காதீங்க, பேய்ல இருந்து ஆரம்பிங்க. பூவோட இதழ் ஒண்ணு கோணிப்போச்சுனா பார்த்த உடனே கண்ணுக்குத் தெரிஞ்சுடும், பேயோட வாய் கோணிப்போச்சுனா இன்னும் கொஞ்சம் பயமா இருக்கும் அவ்ளோதான். கை நடுங்கி இழுத்த கோடு சிலந்தி வலைக்கு அப்படியே பொருந்தும், சிவப்பு ஐசிங் வழிஞ்சு போச்சுனா அது ரத்தம்னு சொல்லிக்கலாம். ஆனா ரெண்டு இடத்துல மட்டும் சமாளிக்கவே முடியாது, ஒண்ணு மாவு ஷேப் கலையாம வேகுறது, இன்னொண்ணு கருப்பு கலர். இந்த ரெண்டுமே அவசரப்பட்டா வராது. அதனால ஹாலோவீன் அக்டோபர் 31னா நீங்க 29ஆம் தேதியே மாவு பிசைஞ்சு சுட்டு எடுத்துடுங்க, கருப்பு, சிவப்பு ஐசிங்கை மட்டும் அன்னைக்கே கலந்து வெச்சுடுங்க, 30 அன்னைக்கு ஐசிங் போடுங்க, ராத்திரி முழுக்க காயட்டும். ஒரே நாள்ல எல்லாத்தையும் முடிச்சுடலாம்னு நினைச்சு நான் ஒரு தடவை பண்ணி, பேய் எல்லாம் தலகாணி மாதிரி உப்பி, வெள்ளையும் கருப்பும் கலந்து சாம்பல் கலர்ல வந்து நின்னுச்சு.

மாவுக்கு என்னென்ன வேணும்னா, உப்பில்லாத வெண்ணெய் 225 கிராம், பொடிச்ச சக்கரை 200 கிராம், முட்டை ஒண்ணு, வெனிலா எசன்ஸ் ரெண்டு டீஸ்பூன், மைதா 400 கிராம், உப்பு அரை டீஸ்பூன். இதுல ஏழு எட்டு சென்டிமீட்டர் சைஸ்ல ஒரு 25ல இருந்து 30 குக்கீ வரும். பேக்கிங் பவுடர் எங்கனு தேடுவீங்க, வேண்டாம். நமக்கு உப்பி வர்ற குக்கீ தேவையில்ல, வெட்டின ஷேப் வெட்டின மாதிரியே நிக்கணும், வௌவாலோட ரெக்கை நுனி கூர்மையா இருக்கணும். முட்டை சேர்க்காதவங்க அதுக்குப் பதிலா மூணு டேபிள்ஸ்பூன் பால் ஊத்திக்கலாம், குக்கீ கொஞ்சம் மொறுமொறுனு வரும், ஷேப்புக்கு ஒண்ணும் ஆகாது.

வெண்ணெய் எந்த பதத்துல இருக்கணும்ங்கறதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. விரலால அழுத்தினா குழி விழணும் ஆனா விரல் உள்ள வழுக்கிட்டுப் போகக் கூடாது, தொட்டா லேசா ஜில்லுனு இருக்கணும், கணக்குல சொல்லணும்னா 18ல இருந்து 20 டிகிரி செல்சியஸ். பளபளனு எண்ணெய் விட ஆரம்பிச்சுடுச்சுனா திரும்ப ஃபிரிட்ஜ்ல வெச்சுடுங்க. அப்புறம் வெண்ணெயையும் சக்கரையையும் சேர்த்து அடிக்கும்போது கேக்குக்கு அடிக்கற மாதிரி அஞ்சு நிமிஷம் அடிச்சு பஞ்சு மாதிரி ஆக்கிடாதீங்க, ரெண்டும் ஒண்ணா கலந்தா போதும், ஒரு நிமிஷம் இல்ல ரெண்டு நிமிஷம். ஏன்னா உள்ள போற காத்துதான் அவன்ல உப்பி அப்புறம் அமுங்கி ஷேப்பை பரப்பி விடுது. முட்டை, வெனிலா சேர்த்து கலக்கிட்டு மைதாவையும் உப்பையும் ரெண்டு தடவையா போட்டு மாவு ஒண்ணா திரண்டு வந்ததும் நிறுத்திடுங்க. ரொம்ப பிசைஞ்சா குக்கீ கெட்டியா ரப்பர் மாதிரி ஆயிடும். பச்சை மாவை வாயில போட்டுப் பார்க்கற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, பச்சை முட்டை மட்டும் இல்ல, வேகாத மைதாவுலயும் கிருமி இருக்கலாம், பக்கத்துல குழந்தைங்க நின்னுட்டு இருந்தா இன்னும் கவனமா இருங்க.

இப்போ எல்லாரும் மாவை உருண்டையா உருட்டி ஃபிரிட்ஜ்ல வெச்சு, அது கல்லு மாதிரி ஆனதும் எடுத்து பூரிக்கட்டையோட மல்லுக்கட்டுவாங்க. அதுக்கு பதிலா மாவு மெத்துனு இருக்கும்போதே ரெண்டு பட்டர் பேப்பருக்கு நடுவுல வெச்சு தேச்சுடுங்க, 6 மில்லிமீட்டர் கனம், தேச்ச ஷீட்டை அப்படியே தட்டுல வெச்சு ஃபிரிட்ஜ்ல ஒரு மணி நேரம். மேல மாவு தூவவே வேண்டியதில்ல, குக்கீயும் வறண்டு போகாது. கனம் ஒரே சீரா வரலனா ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல ரெண்டு ஸ்கேல் இல்ல மரக்குச்சி வெச்சு அது மேல கட்டையை உருட்டுங்க.

கட்டர் விஷயத்துக்கு வருவோம். பேய் கட்டர் இல்லையேனு கவலைப்படாதீங்க, டூலிப் பூ கட்டர் இருந்தா தலைகீழா திருப்புங்க, அதுதான் பேய். மனுஷ பொம்மை கட்டர் ஒண்ணு போதும், அதுலயே எலும்புக்கூடு, மம்மி ரெண்டும் பண்ணிடலாம். வட்டமா ஒரு டம்ளர் இருந்தா சிலந்தி வலை, கண்ணு முழி. கல்லறைக்கு கத்தியே போதும், ஒரு நீள சதுரம் வெட்டி மேல் ரெண்டு மூலையையும் வளைச்சு விட்டா ஆச்சு. எதுவுமே இல்லனா அட்டையில வரைஞ்சு வெட்டி மாவு மேல வெச்சு கூர்மையான கத்தியால சுத்தி வாங்க, கத்தியை இழுக்காம மேல இருந்து கீழ அழுத்தி அழுத்தி வெட்டினா ஓரம் பிசிறடிக்காது.

வெட்டினதை எல்லாம் ட்ரேயில அடுக்கி திரும்ப 15 நிமிஷம் ஃப்ரீசர்ல வைங்க, இதை மட்டும் தயவுசெஞ்சு தாண்டாதீங்க. வெண்ணெய் சூட்டுல உருகறதுக்குள்ள மைதா வெந்து இறுகிடணும், குக்கீ ஷேப்போட சூட்சுமமே அவ்ளோதான். அவனை 180 டிகிரி செல்சியஸ்ல நல்லா முன்னாடியே சூடு பண்ணி வெச்சு, பத்துல இருந்து பன்னெண்டு நிமிஷம். ஓரம் லேசா பொன்னிறம் ஆக ஆரம்பிச்சதும் வெளிய எடுங்க, நடுவுல இன்னும் மெத்துனு தெரியும், பயப்படாதீங்க, ட்ரேயில இருந்தே அஞ்சு நிமிஷத்துல இறுகிடும். பெரிய பேயையும் குட்டி வௌவாலையும் ஒரே ட்ரேயில வெச்சீங்கன்னா வௌவால் கருகும், சைஸ் வாரியா பிரிச்சு வைங்க.

குக்கீயே கருப்பா வேணும்னா மைதாவுல 60 கிராமைக் குறைச்சுட்டு அந்த இடத்துல கோகோ பவுடர் போடுங்க. பிளாக் கோகோ கிடைச்சா நிஜமாவே கரிக்கட்டை கலர் வரும், ஓரியோ பிஸ்கட்ல வர்ற அந்த கலர். ஒரு சிக்கல் என்னன்னா ஓரம் பொன்னிறமாச்சானு பார்க்க வழியில்ல, அதனால மேல இருக்கற ஈரப் பளபளப்பு போய் மங்கலா ஆச்சா, ஓரத்தைத் தொட்டா கெட்டியா இருக்கானு பாருங்க. தேய்க்கும்போது ஒட்டினா மைதா தூவாம கோகோவே தூவுங்க, இல்லனா கருப்பு மேல வெள்ளை திட்டு திட்டா தெரியும்.

இனி ஐசிங். ராயல் ஐசிங்தான் இதுக்கு சரி, காய்ஞ்சா கெட்டியாகி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கலாம். ஐசிங் சுகர் 450 கிராம் சலிச்சுக்கோங்க, மெரிங் பவுடர் (முட்டை வெள்ளைக்கருவைக் காய வெச்சு பண்ற பொடி) மூணு டேபிள்ஸ்பூன், தண்ணி ஒரு 75 மில்லியில இருந்து 90 மில்லி வரைக்கும், முழுசா ஊத்தாம கொஞ்சம் கொஞ்சமா. பச்சை முட்டை வெள்ளைக்கரு வெச்சும் பண்ணுவாங்க ஆனா சால்மொனெல்லாங்கற கிருமி பயம் இருக்கு, அது வேகாமலேயே சாப்பிடப் போறது, அதனால மெரிங் பவுடர் இல்லனா பாஸ்சரைஸ் பண்ண (கிருமி சாக லேசா சூடு பண்ண) வெள்ளைக்கருனு வாங்கிக்கோங்க. பாத்திரத்துல ஒரு துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் ஐசிங் எழும்பி வராது, பிளாஸ்டிக் பாத்திரத்துல பிசுக்கு எவ்ளோ கழுவினாலும் ஒட்டிட்டு இருக்கும், ஸ்டீல் இல்ல கண்ணாடி எடுங்க. மீடியம் ஸ்பீடுக்கு மேல போகாம நாலஞ்சு நிமிஷம் அடிச்சா போதும், வேகமா அடிச்சா காத்து புகுந்து அப்புறம் குக்கீ மேல குமிழ் குமிழா வெடிக்கும்.

ரெண்டு பதம் தெரிஞ்சா போதும். ஓரத்துல கோடு போட டூத்பேஸ்ட் மாதிரி, உள்ள நிரப்ப தேன் மாதிரி. நிரப்பற பதம் சரியானு பார்க்க ஐசிங் நடுவுல கத்தியால ஒரு கோடு கிழிச்சு எண்ணுங்க, 12ல இருந்து 15 விநாடிக்குள்ள கோடு மறைஞ்சுடணும். அதுக்கு முன்னாடியே மறைஞ்சுட்டா ஓரத்தைத் தாண்டி வழியும், காய்ஞ்சப்புறம் நடுவுல பள்ளமும் விழும், அப்போ ஐசிங் சுகர் ஒரு ஸ்பூன் சேருங்க. ரொம்ப நேரம் எடுத்தா தண்ணி சொட்டு சொட்டா விடுங்க, ஸ்பூன்ல ஊத்தாதீங்க. பாத்திரத்தை எப்பவும் ஈரத் துணியால மூடியே வைங்க, ரெண்டு நிமிஷம் திறந்து விட்டா மேல ஆடை கட்டி அந்தத் துணுக்கு நாசில்ல (ஐசிங் பிழியற பையோட முனை) போய் அடைச்சுக்கும்.

இப்போ கருப்பு. வெள்ளை ஐசிங்ல கருப்பு கலரை ஊத்தி ஊத்திக் கலக்கினா வர்றது சாம்பல்தான், இன்னும் ஊத்துவீங்க, கலர் வரும் கூடவே கசப்பும் வரும், சாப்பிட்டவங்க பல்லு நாக்கு எல்லாம் கருப்பாகி போட்டோல அவங்கதான் பேய் மாதிரி இருப்பாங்க. சரியான வழி என்னன்னா, ஐசிங் அடிச்சு முடிச்சப்புறம் அதுல கோகோ பவுடர் ரெண்டு ஸ்பூன் கலந்து முதல்ல பிரவுன் ஆக்கிக்கோங்க, அதுக்கு மேல கருப்பு ஜெல் கலர் (கூழ் மாதிரி கெட்டியா இருக்கற ஃபுட் கலர்) போட்டு அடர் சாம்பல் வந்ததும் நிறுத்திடுங்க, ஐசிங் மேலயே ஒட்டற மாதிரி பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி ராத்திரி விட்டுடுங்க. காலைல பார்த்தா அதுவே கருகருனு ஆகியிருக்கும். சிவப்பும் இதே கதைதான், முதல் நாள் ரோஸா தெரியும், மறுநாள் ரத்தம். தண்ணியா இருக்கற கலர் பாட்டில் இதுக்கு வேண்டாம், பதத்தையே கெடுத்துடும். வெள்ளை ஐசிங் கொஞ்சம் மஞ்சளா தெரிஞ்சா குச்சி நுனியில ஊதா கலர் ஒரு பொட்டு தொட்டு கலக்குங்க, வெள்ளை பளிச்னு ஆயிடும், இதை முதல் தடவை பார்த்தப்போ எனக்கே நம்ப முடியல.

டிசைன்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது சிலந்தி வலை, பார்க்கறதுக்கு பெரிய வேலை மாதிரி இருக்கும், ஒரு குக்கீக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது. வட்ட குக்கீயில வெள்ளை நிரப்பிட்டு அது ஈரமா இருக்கும்போதே கருப்புல மூணு நாலு வட்டம் ஒண்ணுக்குள்ள ஒண்ணா போடுங்க, ரெண்டு ஐசிங்கும் ஒரே பதத்துல இருக்கணும். உடனே ஒரு பல்குச்சியை நடுவுல வெச்சு ஓரம் வரைக்கும் இழுங்க, சுத்தி எட்டு இழுப்பு, ஒவ்வொரு இழுப்புக்கும் நுனியைத் துடைங்க. ஒரு குக்கீ முடிச்சுட்டுதான் அடுத்தது, எல்லாத்துக்கும் வெள்ளை போட்டுட்டு வரலாம்னு போனா திரும்பி வர்றதுக்குள்ள ஆடை கட்டி குச்சி மேலயே கீறும்.

பேய்க்கு இதுக்கு நேர் எதிர். வெள்ளை நிரப்பி ஒரு மணி நேரமாவது காய விட்டு மேல தோல் கட்டினப்புறம் கருப்புல ரெண்டு நீளக் கண்ணு, ஒரு நீள வாய், அவ்ளோதான். சிரிக்கற வாய் போடாதீங்க, கண்ணை ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா போடுங்க, அதுலயே ஒரு மாதிரி திகிலா வந்துடும். மம்மிக்கு உடம்பு பூரா நிரப்பவே வேண்டாம், தட்டையான நாசில்ல கெட்டி ஐசிங் எடுத்து கட்டு போட்ட மாதிரி குறுக்கும் நெடுக்கும் இழுத்துட்டு நடுவுல ஒரு இடுக்குல ரெண்டு கண்ணு வெச்சா முடிஞ்சுது, புதுசா பண்றவங்களுக்கு இதுதான் முதல் குக்கீ. எலும்புக்கூட்டை கருப்பு குக்கீ மேல வெள்ளைக் கோட்டுல போட்டீங்கன்னா கருப்பு ஐசிங்கே தேவைப்படாது.

ஐசிங்கே வேண்டாம்னு நினைக்கிறவங்களுக்கு சூனியக்காரி விரல். அதே மாவை விரல் நீளத்துக்கு உருட்டுங்க, ஆனா உங்க விரலை விட ஒல்லியா, வேகும்போது பருக்கும். கணு வர்ற இடத்துக்கு மேலயும் கீழயும் லேசா பிடிச்சு விட்டு, கணு மேல கத்தி முனையால மூணு மூணு கீறல் போட்டு, நுனியில தோல் உரிச்ச பாதாம் ஒண்ணை அழுத்தி வைங்க. ஃப்ரீசர்ல 15 நிமிஷம் வெச்சு அதே சூட்டுல 12ல இருந்து 15 நிமிஷம் சுடுங்க. ஆறினதும் பாதாமை பேர்த்து எடுத்து அடியில சிவப்பு ஜாம் தடவி திரும்ப ஒட்டுங்க, நகத்தைச் சுத்தி ஜாம் பிதுங்கி வரும் பாருங்க, அதைப் பார்த்துட்டு எடுத்து சாப்பிடவே யோசிப்பாங்க. பருப்பு வகை ஒத்துக்காதவங்க யாராவது வர்றாங்களானு மட்டும் முன்னாடியே கேட்டுக்கோங்க.

எல்லாம் போட்டு முடிச்சதும் திறந்த ட்ரேயில 8ல இருந்து 12 மணி நேரம் ஃபேன் காத்துல காயட்டும், ஃபேன் காத்துல சீக்கிரம் காய்ஞ்சா பளபளப்பும் நிக்கும் பள்ளமும் விழாது. ஐசிங் போட்டதை ஃபிரிட்ஜ்ல மட்டும் வைக்காதீங்க, வெளிய எடுத்த உடனே வேர்த்து கருப்பு எல்லாம் வெள்ளைக்குள்ள ஓடிடும். நல்லா காய்ஞ்சதும் காத்து போகாத டப்பாவுல நடுவுல பட்டர் பேப்பர் வெச்சு அடுக்கினா ஒரு வாரம் தாராளமா இருக்கும்.

உடைஞ்சு போன குக்கீயைத் தூக்கிப் போடாதீங்க. கருப்பு குக்கீ உடைஞ்சதை நொறுக்கி ஒரு தட்டுல மண்ணு மாதிரி பரப்பி, கல்லறை குக்கீயை அதுல செருகி நிக்க வைங்க (அடியில கொஞ்சம் கெட்டி ஐசிங் வெச்சாதான் சாயாம நிக்கும்), ரெண்டு சூனியக்காரி விரல் குக்கீயை மண்ணுக்குள்ள இருந்து எட்டிப் பார்க்கற மாதிரி நட்டு விடுங்க. தலை போன பேய் இருந்தா அதையும் அங்கேயே படுக்க வெச்சுடலாம்.